துக்கச் சாப்பாடும் நாலு பாயிண்டும்

என் மாமியார் வெர்னாவின் சவப்பெட்டிக்கு முன்னால் என் கணவன் டுவேன் கண்ணை மூடி, உதடு அசைய நின்றதைப் பார்த்துப் பாதிரியாரே நெகிழ்ந்துபோனார். அவன் தோளில் கை வைத்து ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். ஜெபம் செய்கிறான் என்று நினைத்துவிட்டார், பாவம். அந்த உதட்டோடு முப்பத்தொரு வருஷம் குடித்தனம் நடத்தியவள் நான். அது ஜெபம் இல்லை. தொண்ணூறு பேர், தலைக்கு இருபத்தைந்து டாலர், அதை நாலால் பெருக்கு. அதுதான் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் கணக்கு சரியாக வர வேண்டுமே என்று பக்கத்தில் நின்ற நானும்தான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

டுவேனின் பர்ஸில் ஏழு கார்டுகள் உண்டு. ஒவ்வொன்றின் மேலும் அவன் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கும். பெட்ரோல், மளிகை, மருந்து, சாப்பாடு என்று. அதில் சாப்பாட்டுக் கார்டுதான் அவனுக்குக் குலதெய்வம். உணவகத்தில் அதைத் தேய்த்தால் டாலருக்கு நாலு பாயிண்ட், வேறு எங்கே தேய்த்தாலும் ஒன்று. பாயிண்ட் சேர்ந்தால் விமான டிக்கெட். டிக்கெட்டைப் பணம் கொடுத்து வாங்குகிறவர்களை டுவேன் ஒரு மாதிரி பரிதாபமாகப் பார்ப்பான்.

இதில் வம்பு என்னவென்றால், நீங்கள் வாயில் போட்டது சாப்பாடா இல்லையா என்று பேங்குக்குத் தெரியாது, கவலையும் கிடையாது. கடைக்காரர் கார்டு மிஷின் வாங்குகிற அன்றைக்கே, அந்தக் கடை முக்கியமாக என்ன விற்கிறது என்று கேட்டு நாலு இலக்கத்தில் ஓர் எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். அதுதான் அந்தக் கடையின் தலையெழுத்து. உணவகம் என்றால் 5812. பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கிற பௌலிங் கூடம் என்றால் 7933. மளிகைக் கடைக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரு முழுக் கோழியைத் தின்றுவிட்டு வந்தாலும் பேங்க் அதை மளிகை என்றுதான் எழுதும்.

இந்த எண்ணை எந்தக் கடையும் வாசலில் எழுதி ஒட்டுவதில்லை. அதனால் டுவேன் மாதிரி ஆட்களுக்கு ஒரு சடங்கு இருக்கிறது. பெரிய செலவு எதையும் செய்யும் முன்னால் அந்தக் கடைக்குப் போய் ஒரே ஒரு காப்பி வாங்கிக் கார்டைத் தேய்ப்பான். இரண்டு மூன்று நாளில் அந்தக் காப்பி கணக்கில் ஏறும். எந்த வகையில் ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மறு காரியம். நான் இதற்கு வெள்ளோட்டம் என்று பெயர் வைத்திருந்தேன். எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு என்னைக் கூட்டிப்போன இடத்தில் முந்தின வாரமே தனியாகப் போய் ஒரு ஐஸ்கிரீம் தின்றுவிட்டு வந்தவன் இவன். பரிமாறிய பெண் அவனை அடையாளம் கண்டுகொண்டு, இன்றைக்கும் ஐஸ்கிரீம்தானா என்று கேட்டாள்.

குடும்பத்தில் எந்த விசேஷம் வந்தாலும் பில்லுக்கு முதலில் நீள்வது டுவேனின் கைதான். பார்க்கிறவர்களுக்குப் பெரிய தர்மப்பிரபு என்று தோன்றும். எல்லாவற்றையும் தன் கார்டில் போட்டுக்கொண்டு, அப்புறம் ஒவ்வொருத்தரிடமும் பணமாக வசூலிப்பான். அவனுடைய அக்கா டோரீன் இதைச் சொல்லியே அவனை ஓட்டுவாள். "இவன் செத்தா பெட்டில பூ வைக்காதீங்க. கையில ஒரு பில்ல வைங்க, சந்தோஷமாப் போய்ச் சேருவான்" என்பாள்.

நானும் சேர்ந்துதான் சிரித்துக்கொண்டிருந்தேன், இந்த ஜனவரி வரைக்கும்.

எங்கள் ஒரே மகள் கெல்ஸி ஹவாய்த் தீவில், ஹோனலூலுவில் இருக்கிறாள். மருமகன் கடற்படை. முதல் குழந்தைக்குப் பிப்ரவரி கடைசியில் நாள் குறித்திருந்தார்கள், அதே சமயத்தில் அவனைக் கப்பலேற்றிவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் வழக்கம்போல நம் ஊர் ஷெபாய்கனில் எவ்வளவு பனி விழுந்தது, ஸ்கூல் பஸ்ஸை எப்படி ஓட்டுகிறாய் என்றெல்லாம் கேட்டுவிட்டு, வைக்கப்போகும் நேரத்தில், "அம்மா, நீ வருவ இல்ல?" என்றாள். ஏழு வயதில் ஊசி போடக் கூட்டிப்போனபோது கேட்ட அதே குரல். வராமல் எங்கேயடி போவேன் என்று சொல்லிவிட்டேன்.

டுவேனிடம் சொன்னேன். அவன் கணினியைத் திறந்தான். பிப்ரவரி இருபத்தொன்றாம் தேதி விமானத்தில் பாயிண்டுக்கு இரண்டே இரண்டு இருக்கை இருந்தது. இரண்டுக்கும் சேர்த்து எண்பதாயிரம் வேண்டும். அவனிடம் எழுபத்திரண்டாயிரம் இருந்தது. ஒன்றைப் பாயிண்டிலும் ஒன்றைப் பணத்திலும் வாங்கேன் என்றால், சர்ச்சில் பியர் பாட்டிலைத் திறந்தவளைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தான். காசு கொடுத்து டிக்கெட்டே வாங்காத பதினாறு வருஷ ரெக்கார்டாம். கெட்டுவிடுமாம். எட்டாயிரம்தானே, எப்படியாவது வந்துவிடும் என்றான்.

அதற்கு வழி எப்படி வந்தது என்றால், வெர்னா சாகப் போனாள்.

வெர்னாவுக்கு எண்பத்துநாலு வயது. நாற்பத்தொரு வருஷமாக வியாழக்கிழமை தவறாமல் ஸ்வோபோடாவின் பௌலிங் கூடத்தில் பந்து உருட்டியவள். அவளுடைய அணிக்குப் பெயர் சாக்கடை ராணிகள். தடத்துக்கு இரண்டு பக்கமும் ஓடுகிற பள்ளத்தை அங்கே சாக்கடை என்பார்கள். இவர்களுடைய பந்து பெரும்பாலும் அங்கேதான் போகும். நீலப் பச்சைச் சட்டை, முதுகில் கிரீடம் வைத்த பெருச்சாளி. டாக்டர் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பிய பிறகு, வெர்னா முன்னறையில் படுக்கையைப் போடச் சொல்லி, தன் காரியங்களைத் தானே வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தாள். பாட்டு இது, பூ இது என்றவள், எனக்கு அந்த அணிச் சட்டையைத்தான் மாட்டிவிட வேண்டும் என்றாள். துக்கச் சாப்பாடு ஸ்வோபோடாவில். பொரித்த பெர்ச் மீன், உருளைக்கிழங்கு அடை, முட்டைக்கோஸ், ரை ரொட்டி. வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு பந்து உருட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

ஸ்வோபோடா கூடத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ரஸ் ஸ்வோபோடாவும் அவன் பெண்டாட்டி லோர்னாவும் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் விவாகரத்து வாங்கினார்கள். ஊர் முழுக்கத் தெரியும். ஆனால் இருவரும் இடத்தை விட்டுப் போகவில்லை. முன்பக்கம் பந்து, பியர், வாடகை ஷூ எல்லாம் ரஸ். பின்பக்கம் அடுப்படி லோர்னா. ஒரே கூரைக்குக் கீழே ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் வியாபாரம் நடக்கிறது. டுவேன் அங்கே மீன் சாப்பிட்டுப் பதினைந்து வருஷம் இருக்கும். பௌலிங் கூடத்தில் போய் யாராவது சாப்பாட்டுக் கார்டை வீணாக்குவார்களா?

அம்மா இப்படிச் சொன்னதும் டுவேன் அன்றைக்குச் சாயங்காலமே ஸ்வோபோடாவுக்கு வெள்ளோட்டம் விடப் போனான். முன் கவுண்டரில் ரஸ்ஸிடம் ஒரு பியர் வாங்கினான், கார்டைத் தேய்த்தான். மூன்றாம் நாள் கணக்கில் ஏறியது: பௌலிங் கூடம். ஒரு டாலருக்கு ஒரு பாயிண்ட்.

பெற்ற தாய் படுக்கையில் கிடக்கும்போது அவளுடைய துக்கச் சாப்பாட்டுக்கு வெள்ளோட்டம் விட்டவன் உலகத்தில் இவன் ஒருத்தனாகத்தான் இருப்பான். அதோடு நின்றானா? மேட்டுத் தெருவுக்கு அப்பால் கோல்ஃப் மைதானத்தை ஒட்டி ஃபேர்வே சப்பர் கிளப் என்று ஒரு சாப்பாட்டு இடம் இருக்கிறது. அங்கேயும் போய் ஒரு கிண்ணம் சூப் குடித்தான். அது உணவகம் என்று ஏறியது. நாலு பாயிண்ட்.

மறுநாள் நான் வெர்னாவுக்கு ஐஸ் துண்டு ஊட்டிக்கொண்டிருந்தேன். டுவேன் வந்து படுக்கை ஓரமாக உட்கார்ந்து, தொப்பியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே விஷயத்தைச் சொன்னான். பொய் சொல்லத் தெரியாதவன். எண்ணைக்கூட விடவில்லை, 7933 என்று சொன்னான். வெர்னா ஐஸ் கரையும் வரை காத்திருந்தாள்.

"அந்த கோல்ஃப்காரன் எடத்துல எத்தன?" என்றாள்.

"நாலும்மா."

"உங்க ரெண்டு பேரு டிக்கெட்டுக்கு அது போதுமா?"

"போதும். மிச்சமே வரும்."

"சரிடா, அங்கயே வச்சுக்க. செத்தவளுக்கு எங்க போட்டா என்ன, நானா வந்து திங்கப் போறேன்." அப்புறம் என் பக்கம் திரும்பி, "ஜாய்ஸ், நீ போயி அந்தப் புள்ளையப் பாத்துட்டு வா. தனியா இருக்கும்" என்றாள்.

அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். மனுஷி நாற்பத்தொரு வருஷம் போன இடம், நாம் காசு கொடுத்து டிக்கெட் வாங்கிக்கொள்ளலாம், வாயை மூடிக்கொண்டு போ டுவேன் என்று சொல்லியிருக்க வேண்டும். பஸ்ஸில் நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைக்கிற வாய் இது. அன்றைக்கு இன்னொரு ஐஸ் துண்டை எடுத்து அவள் வாயில் வைத்தேன், அவ்வளவுதான். எனக்கு அந்த டிக்கெட் வேண்டியிருந்தது.

டோரீனுக்கு விஷயம் எட்டியதும் அடுப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். அம்மா மனசு மாறினதாகச் சொல்கிறாளே, உண்மையைச் சொல் என்றாள். சொன்னேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி ஆற்றிக்கொண்டிருப்பேன். "எங்கம்மா சாவுல ரெண்டு பேரும் சேந்து பாயிண்ட் பொறுக்கறீங்க" என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்த தட்டையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நாலு நாளில் வெர்னா போய்விட்டாள்.

ஃபேர்வே கிளப்பில் துக்கச் சாப்பாடு எப்படி நடந்தது என்று கேட்காதீர்கள். வெள்ளை மேஜை விரிப்பு, மடித்துக் குத்தவைத்த துணி, தட்டுக்கு நடுவில் ஒரு கோழித் துண்டு. அதற்கு மேல் பெயர் தெரியாத ஒரு தழை. சாக்கடை ராணிகள் பதினொரு பேரும் அணிச் சட்டையோடு வந்திருந்தார்கள். பல் பிடுங்க வந்தவர்கள் மாதிரி சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவளான ஹில்டகார்டு அந்தத் தழையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இதைத் தின்ன வேண்டுமா முகர வேண்டுமா என்று என்னிடம் கேட்டாள். யாரும் குரலை உயர்த்திப் பேசவில்லை. யாரும் வெர்னாவைப் பற்றி ஒரு கெட்ட கதைகூடச் சொல்லவில்லை. கெட்ட கதை சொல்லாத துக்க வீடு எங்கள் ஊரில் நான் பார்த்ததே இல்லை. ஜன்னலுக்கு வெளியே கோல்ஃப் மைதானம் பனியில் மூடிக் கிடந்தது.

பில் வந்தது. டுவேன் கார்டை எடுத்து வைத்தான். மேனேஜர் மரியாதைக்காரர், குனிந்து அனுதாபம் சொல்லிவிட்டுக் கார்டைத் தானே எடுத்துக்கொண்டு ஆபீஸ் பக்கம் போனார். திரும்பி வந்து கையெழுத்து வாங்கினார். பதினாறு வருஷமாக எந்த மிஷின், யாருடைய மிஷின் என்று நோண்டி நோண்டிக் கேட்டவன், அன்றைக்கு ஒன்றுமே கேட்கவில்லை. அம்மாவைப் புதைத்து ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது.

மூன்றாம் நாள் காலையில் கணக்கில் ஏறியது. நான் வாணலியில் முட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த அறையிலிருந்து சத்தமே இல்லை. போய்ப் பார்த்தால் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான், முகம் சுண்டிப்போய்.

"கோல்ஃப் மைதானம்னு ஏறியிருக்கு" என்றான்.

தொண்ணூறு பேர் தின்ற கோழியும் தழையும் பேங்கின் பார்வையில் கோல்ஃப் விளையாட்டு. சூப் குடித்தது சாப்பாட்டு அறையின் மிஷினில். பெரிய விருந்துக் கணக்கெல்லாம் கோல்ஃப் ஆபீஸ் மிஷினில் போடுவது அவர்கள் வழக்கமாம், மேனேஜர் போனில் பொறுமையாக விளக்கினார். ரத்து செய்து மறுபடி போட முடியுமா என்று டுவேன் கேட்டான். அந்த மாதக் கணக்கு முடித்தாகிவிட்டது, மன்னிக்கவும் என்றார். பேங்குக்குப் போட்டான். அந்தப் பெண்ணும் மரியாதையாகத்தான் பேசினாள். மிஷின் என்ன எண்ணை அனுப்புகிறதோ அதைத்தான் எடுத்துக்கொள்வோம், நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்பது எங்களுக்குத் தெரியாது என்றாள். டுவேன் அவளிடம், அது எங்கள் அம்மாவின் துக்கச் சாப்பாடு என்றான். எதற்குச் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது. அவள் வருத்தம் தெரிவித்தாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அவன் மேல் பாதி, என் மேல் பாதி. மாமியாரின் ஆசையை விற்றோம், விற்ற காசும் கைக்கு வரவில்லை. முட்டை கருகிற்று. அப்படியே தட்டில் போட்டு அவன் முன்னால் வைத்தேன், அவனும் கருகலைத் தின்றான். அப்புறம் கராஜுக்குப் போய் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டான். இஞ்சினைப் போடவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மத்தியானம் வரைக்கும் அங்கேயே இருந்தான். அழுதானா என்று கேட்காதீர்கள், கண்ணாடியில் பனி படிந்திருந்தது.

அடுத்த வியாழக்கிழமை ஹில்டகார்டு போன் செய்தாள். வெர்னாவின் பந்தை ஸ்வோபோடாவில் அலமாரியில் வைக்கப் போகிறோம், குடும்பம் வரவேண்டாமா என்றாள். கேள்வி மாதிரித்தான் இருந்தது, ஆனால் கேள்வி இல்லை. டோரீனும் வந்தாள். எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள்.

ஆறு மணிக்குள்ளாகவே முப்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். யாருக்கும் அழைப்பு இல்லை. எண்ணெயில் மீன் பொரிகிற வாசம் வாசல் வரைக்கும் வந்தது. லோர்னா அடுப்படி ஜன்னல் வழியாகத் தட்டுத் தட்டாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். பெர்ச், அடை, முட்டைக்கோஸ், ரை ரொட்டி. ஒரு பிராந்திக் கலவை உள்ளே போனதும் ஹில்டகார்டு ஆரம்பித்தாள். வெர்னா எதிரணித் தலைவியின் ஷூவுக்குள் ஊறுகாயை வைத்த கதை, மில்வாக்கிப் போட்டியில் தோற்ற கோபத்தில் கோப்பையையே கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்த கதை. எனக்குத் தெரியாத கதைகள். டோரீன் சிரித்துச் சிரித்து மேஜையில் கவிழ்ந்துவிட்டாள். அதற்கப்புறம் அவள் நிமிர்ந்தபோது சிரிக்கவில்லை, நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன், அவள் கையைத் தட்டிவிடவில்லை.

டுவேன் எழுந்து, எல்லாருடைய சாப்பாட்டுக்கும் நான் கொடுக்கிறேன் என்றான். யாரிடமும் வசூல் இல்லை என்றும் சொன்னான். அவன் ரஸ் நிற்கிற முன் கவுண்டரைப் பார்த்து நடந்தான். ஜன்னலிலிருந்து லோர்னா குரல் கொடுத்தாள்.

"ஏம்ப்பா டுவேன், அங்க எங்க போற? மீனுக்குக் காசு இங்க குடு. அந்த ஆளுகிட்ட குடுத்தா எனக்கு வந்து சேராது."

"ரெண்டும் ஒரே கணக்கு இல்லையா?"

"எங்க இருந்து ஒரே கணக்கு? ஒம்போது வருஷமாச்சு. கோர்ட்டுல பிரிச்சுக் குடுத்தாங்க. பந்து, பியர், ஷூ அவனுது. அடுப்பு என்னுது. மிஷின் தனி, லைசென்ஸ் தனி. என் லைசென்ஸ்ல ஓட்டல்னு போட்டிருக்கு, வேணும்னா பாத்துக்க." சுவரில் மாட்டியிருந்த சட்டத்தைக் கரண்டியால் காட்டினாள்.

டுவேன் அந்தச் சட்டத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். விவாகரத்து அவனுக்குத் தெரியாத விஷயமா? கோர்ட்டுக்குப் போகும்போது ரஸ்ஸுக்கு டை கட்டிவிட்டவனே இவன்தான். ஒரு பியருக்குப் பதிலாக ஒரு தட்டு மீன் வாங்கி வெள்ளோட்டம் விட்டிருந்தால் போதும். அம்மா கேட்டதும் கிடைத்திருக்கும், நாலு பாயிண்டும் வந்திருக்கும். பின்னால் நின்ற மருமகள் எனக்கே அது அப்படி உறைத்தது. அவனோ அவள் பெற்ற பிள்ளை.

அவன் பர்ஸைத் திறந்தான். கார்டுகளைத் தாண்டி உள் மடிப்பில் விரலை விட்டான். அவசரத்துக்கு என்று வைத்திருக்கிற நோட்டுகள், நாலாய் எட்டாய் மடித்தவை. ஒவ்வொன்றாகப் பிரித்து ஜன்னல் திட்டில் வைக்க ஆரம்பித்தான். பாயிண்டே வராத பணம். பிராயச்சித்தம் செய்கிறானாம்.

எனக்குப் பொறுக்கவில்லை. போய் நோட்டுகளை வாரி அவன் சட்டைப் பையில் திணித்தேன். பர்ஸிலிருந்து சாப்பாட்டுக் கார்டை உருவி லோர்னாவிடம் நீட்டினேன்.

"வேண்டாம் ஜாய்ஸ்" என்றான். "எனக்கு வேண்டாம் அது."

"உனக்கு யாரு குடுத்தா? உங்கம்மா சாகற படுக்கையில தன் ஆசைய விட்டுக்குடுத்தது இந்த நாலு பாயிண்டுக்குத்தான். அத நீ இப்ப வேணாம்னு சொன்னா அவ விட்டுக்குடுத்ததுக்கு என்ன அர்த்தம்? நானும் பக்கத்துல உக்காந்து வாயத் தொறக்காம இருந்தேனே, அதுக்கு என்ன அர்த்தம்? தேயி லோர்னா."

லோர்னா தேய்த்தாள். பின்னாலிருந்து டோரீன், "கையெழுத்தப் போடுடா" என்றாள். அவன் போட்டான்.

அப்புறம் ஆளுக்கு ஒரு பந்து. அலமாரிக்குப் போகும் முன் வெர்னாவின் பந்தை டுவேனிடம் கொடுத்தார்கள். ஊதா நிறம், விரல் துளைகள் அவனுக்குச் சின்னவை, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போய் உருட்டினான். பாதி தூரம் நேராகப் போனது. அப்புறம் மெதுவாகச் சாய்ந்து பள்ளத்தில் விழுந்து கடைசி வரைக்கும் கடகடவென்று ஓடிற்று. பதினொரு கிழவிகளும் எழுந்து நின்று கைதட்டினார்கள். வெர்னாவின் பிள்ளைதான், சந்தேகமே இல்லை என்றாள் ஹில்டகார்டு.

ஞாயிற்றுக்கிழமை அது கணக்கில் ஏறியது. உணவகம், நாலு பாயிண்ட். அப்படியும் எண்பதாயிரத்துக்கு மூவாயிரத்துச் சொச்சம் குறைந்தது. டுவேன் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்த நேரத்தில் நானே அவன் நாற்காலியில் உட்கார்ந்து, அவன் பாயிண்டில் எனக்கு ஒரு டிக்கெட் போட்டேன். ஜன்னலோரம். இதை எட்டாயிரம் குறைந்த அன்றைக்கே செய்திருக்கலாம். செய்திருந்தால் வெர்னா மீனோடு போயிருப்பாள்.

அவன் உள்ளே வந்து பூட்ஸைக் கழற்றினான். திரையைப் பார்த்தான். நான் எழுந்துகொள்ளவில்லை. அவன் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அதே விமானத்தில் என்ன மிச்சமிருக்கிறது என்று பார்க்கச் சொன்னான். பாயிண்ட் இருக்கை போய்விட்டிருந்தது. விலைக்கு ஒன்றே ஒன்று, கடைசி வரிசை, நடுவில், கழிவறைக்குப் பக்கம். விலையைப் பார்த்தால் எனக்கே தலை சுற்றியது. அவன் என்னைத் தாண்டிக் கையை நீட்டி, வாங்கு என்கிற இடத்தை அமுக்கினான்.

அன்றைக்கு மத்தியானமே கெல்ஸிக்குப் போன் போட்டேன். இரண்டு பேரும் வருகிறோம், இருபத்தொன்றாம் தேதி என்றேன். மூக்கை உறிஞ்சினாள். அப்பாவுக்குப் பாயிண்ட் சேர்ந்துவிட்டதா என்று கேட்டாள்.

"இல்ல. உங்கப்பா பணம் குடுத்து வாங்கினாரு."

பணமா, பணமா என்று இரண்டு தரம் கேட்டாள்.

"பாட்டி போனதுல அவ்வளவு உடஞ்சு போயிட்டாராம்மா?"

ஆமாம்டி என்றேன்.